லங்கொலென்: தண்ணீரைத் தொடர்ந்து ஐந்து நடைகள்

வேல்ஸின் வடகிழக்கில், டீ ஆறு மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் பள்ளத்தாக்கில் லங்கொலென் இருக்கிறது. ஆற்றின் மேல் பழைய கல்பாலம், அதன் கீழே பாறைகளில் மோதி இரைந்து ஓடும் நீர், எதிரே ஒரு குன்று, குன்றின் உச்சியில் இடிந்த கோட்டை. பாலத்தில் நின்றபடியே இவ்வளவையும் பார்த்துவிடலாம். கடைத்தெருவைச் சுற்றிவர அரை மணி நேரம் போதும். அதனாலோ என்னவோ, பலரும் காரில் வந்து பாலத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை. அவர்களை நிறுத்தி, ஒரு மணி நேரம் நடந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லத் தோன்றும்.

இந்த ஊரை நடந்துதான் பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் கால்வாய்க்குள் நுழையும் இடத்தில் தொடங்கி, அதே தண்ணீர் அந்தரத்தில் ஆற்றைக் கடக்கும் இடத்தில் முடிக்க வேண்டும். இடையில் ஒரு வீடு, ஒரு துறவிமடம், ஒரு கோட்டை. மொத்தம் ஐந்து நடைகள். இரண்டு நாள் இருந்தால் நிதானமாக முடிக்கலாம். ஒரே நாள்தான் கிடைத்தது என்றால் முதல் நடையையும் கடைசி நடையையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

ஊர்ப்பெயரைச் சொல்லும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயரில் இரண்டு இடங்களில் வரும் ‘ல’ நம் ‘ல’ அன்று. நாக்கை ‘ல’ சொல்வதற்கு வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல், நாக்கின் ஓரமாகக் காற்றை மட்டும் ஊத வேண்டும். ‘ழ’ சொல்லத் தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தப் பாடம் எளிதில் பிடிபடும். ‘லன்’ என்றால் தேவாலயமும் அதைச் சுற்றிய இடமும். கொலென் ஒரு துறவியின் பெயர். கொலென் துறவியின் கோயிலடி என்பதுதான் ஊர்ப்பெயரின் பொருள்.

கிளம்புவதற்கு முன்

ஊருக்குள் வழக்கமான பயணிகள் ரயில் வராது. பக்கத்து நிலையம் ருவாபன், ஷ்ரூஸ்பரிக்கும் செஸ்டருக்கும் இடையிலான பாதையில் இருக்கிறது. மான்செஸ்டர் பக்கமிருந்து வருபவர்கள் செஸ்டரில் மாறலாம். ருவாபனிலிருந்து ஊர் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். ரெக்ஸமிலிருந்து பார்மத் கடற்கரைவரை போகும் டி3 பஸ் ருவாபன் வழியாக லங்கொலெனுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்கள் குறைவு, கால அட்டவணையை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். காரில் வருபவர்களுக்கு ஏ5 சாலை. லண்டனையும் ஹோலிஹெட் துறைமுகத்தையும் இணைக்கும் இந்தச் சாலையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸ் மலைகளினூடே செப்பனிட்டவர் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி மறுபடி வரும். மார்க்கெட் தெருவில் கார் நிறுத்துமிடம் இருக்கிறது.

காலணியில் சிக்கனம் வேண்டாம். கால்வாய்க்கரைக்குச் சாதாரண ஷூ போதும். கோட்டைக் குன்றுக்கு அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ வேண்டும். தேய்ந்த ஷூவோடு மழைக்கு மறுநாள் அந்தக் குன்றில் இறங்கியபோது ஈரப்புல்லில் வழுக்கி, ஊன்றிய கை மூன்று வாரம் வீங்கிக் கிடந்தது. காலையில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மழைச்சட்டை பையில் இருக்கட்டும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் இரவு 9 மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும்.

பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரைபடங்களில் 255, 256 எண்ணுள்ளவை இந்தப் பகுதிக்கானவை. அவற்றில் பச்சை நிறத்தில் விட்டு விட்டுப் போட்டிருக்கும் கோடுகள் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள வழிகள். பாதி வழி தனியார் வயல்களுக்குள் போகும். தயங்க வேண்டியதில்லை, அது உங்கள் உரிமை. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும், நீல அம்பு குதிரையில் வருபவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும் சேர்த்து. வயல் கதவுகளில் ஒரே விதிதான்: மூடியிருந்ததை மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்ததைத் திறந்தபடியே விடுங்கள். தண்ணீருக்கு வரும் ஆடுகளுக்காக விவசாயி அதைத் திறந்து வைத்திருக்கலாம்.

பெயர்ப்பலகைகளில் வெல்ஷ் மொழிதான் முன்னால் நிற்கும். நாலைந்து சொற்கள் தெரிந்திருந்தால் நடையே மாறிவிடும். லுய்பர் என்றால் பாதை. கம்லாஸ் கால்வாய், அவோன் ஆறு, பொன்ட் பாலம். சாலையில் பெரிதாக ‘அராவ்’ என்று எழுதியிருந்தால் மெதுவாகப் போ என்று பொருள். கடையில் பணம் கொடுத்துவிட்டு ‘டியோல்க்’ என்று நன்றி சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகம் மலரும்.

ஜூலை முதல் வாரங்களில் வருவதாக இருந்தால் தங்குமிடத்தை மாதக்கணக்கில் முன்னதாகப் பிடிக்க வேண்டும். 1947 முதல் இங்கே பன்னாட்டு இசைவிழா நடந்துவருகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பல நாட்டு மக்களைப் பாட்டின் வழியாக ஒன்றுசேர்க்கலாம் என்று நம்பித் தொடங்கிய விழா. 1955-இல் இத்தாலியின் மோடெனா நகரிலிருந்து வந்து முதல் பரிசு வென்ற பாடகர் குழுவில், தன் தந்தையோடு நின்று பாடிய 19 வயது இளைஞர்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓபரா பாடகர் பவரொட்டி. கூட்டம் பிடிக்காதவர்களுக்கு மே மாதம் நல்லது. இலை நிறம் மாறும் அக்டோபர் அதைவிட நல்லது.

முதல் நடை: தலைமதகைத் தேடி

போக 3 கிலோமீட்டர், வர 3 கிலோமீட்டர். ஏற்றமே கிடையாது.

ஊரிலிருந்து பாலத்தைக் கடந்து வடகரைக்கு வாருங்கள். கடக்கும்போது கொஞ்சம் நின்று கீழே பாருங்கள். வேல்ஸின் ஏழு அதிசயங்கள் என்று ஒரு பழைய பாட்டு உண்டு, அதில் இந்தப் பாலமும் ஒன்று. 14-ஆம் நூற்றாண்டில் ஜான் ட்ரெவர் என்ற ஆயர் கட்டியதாகச் சொல்வார்கள். இப்போது நிற்பது பெரும்பாலும் அதற்குப் பின் கட்டியதும் அகலப்படுத்தியதும். பாலத்தின் முனையில் பழைய ரயில் நிலையம். நீராவி ரயில் ஆர்வலர்கள் மீட்டெடுத்து ஓட்டும் பாதை அது, ஆற்றங்கரையோடு கார்வென்வரை போகிறது.

சாலையைத் தாண்டி எதிரே உள்ள சிறு மேட்டில் ஏறினால் படகுத்துறை. கால்வாய் ஊரைவிட உயரத்தில், மலைச்சரிவை ஒட்டி ஓடுகிறது. இடப்பக்கம், அதாவது மேற்கே திரும்பி நடக்கத் தொடங்குங்கள். நீங்கள் நடப்பது ஒரு காலத்தில் குதிரைகள் படகுகளை இழுத்துப் போன பாதை. இன்றும் இங்கே குதிரை இழுக்கும் படகு ஓடுகிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே சுற்றுலாவுக்காகத் தொடங்கியது. பின்னால் குளம்படிச் சத்தம் கேட்டால் ஓரமாக நில்லுங்கள். குதிரைக்கும் படகுக்கும் இடையே நீளமான கயிறு தரையை ஒட்டி வரும், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எழுபது தாண்டிய என் அப்பாவை, முழங்கால் வலியோடு, முதன்முறை இங்கே அழைத்து வந்தேன். கடைமடையில் விவசாயம் பார்த்தவர். நூறு அடி நடந்ததும் கீழே கிடந்த இலை ஒன்றை எடுத்துக் கால்வாயில் போட்டார். இலை நாங்கள் வந்த திசையில், ஊரை நோக்கி, மெல்ல நகர்ந்தது. “ஓடுகிற தண்ணீர். தலைமதகு எங்கே?” என்று கேட்டார். இந்தக் கால்வாயைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை நான் கேட்டதில்லை. இங்கிலாந்தின் பெரும்பாலான கால்வாய்களில் நீர் அசையாமல் நிற்கும். இது அப்படியில்லை. கால்வாய் முழுவதற்கும் நீர் கொடுக்கும் தலைவாய்க்கால் இது. நீங்களும் ஓர் இலையைப் போட்டுப் பாருங்கள்.

படகுகள் திரும்பும் குளத்தைத் தாண்டியதும் கால்வாய் குறுகுகிறது. அதற்கு மேல் மோட்டார் படகுகளுக்கு அனுமதி இல்லை. நீர் தெளிந்து, அடியில் கிடக்கும் கல்லும் பாசியும் தெரியும். ஒரு பக்கம் பாறையைச் செதுக்கிய சுவர், அதில் பெரணிகள். மறுபக்கம் மரங்களினூடே கீழே ஆற்றின் இரைச்சல். ஆற்றுக்கு அவசரம், கால்வாய்க்கு நிதானம். அரை மணி நேரம் இரண்டையும் ஒருசேரக் கேட்டுக்கொண்டே நடக்கலாம்.

பிறகு கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு ஹோட்டல் வரும். அதன் அருகே ஆற்றைக் கடக்கும் சங்கிலிப் பாலம். நிலக்கரி கொண்டுபோவதற்காக 1817-இல் முதலில் கட்டினார்கள். பலமுறை பழுதாகி, பலமுறை மீண்டு, 2015-இல் மறுபடி நடப்பவர்களுக்குத் திறந்தார்கள். நடுவில் நின்றால் லேசாக ஆடும். அடுத்த கரையில் பெர்வின் என்ற குட்டி ரயில் நிலையம். கால் சோர்ந்தவர்கள், நீராவி ரயில் ஓடும் நாளாக இருந்தால், இங்கிருந்து ரயிலில் ஊர் திரும்பலாம்.

இன்னும் சிறிது தூரம் நடந்தால் கால்வாய் ஒரு சிறு கட்டடத்தின் அடியில் போய் முடிகிறது. உள்ளே புகும் நீரை அளக்கும் இடம் அது. அதைத் தாண்டியதும் ஆறு அகன்று, அதன் குறுக்கே வில்லாக வளைந்த ஒரு கலிங்கு. இதற்குக் குதிரைலாட அருவி என்று பெயர். பெயரை நம்பி அருவியை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். உயரம் அதிகமில்லை. ஆனால் 140 மீட்டர் நீளத்துக்கு, ஓர் இழை அறுபடாமல், கண்ணாடித் தகடு போல நீர் வழிந்து இறங்குவதைப் புல்தரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். கட்டியவர் டெல்ஃபோர்ட், ஆண்டு 1808. நேர்கோட்டில் கட்டாமல் வளைத்ததால் நீர் வழியும் விளிம்பு நீண்டது. நீண்ட விளிம்பில் நீர் மெல்லியதாகப் பரவுகிறது, மேல்மட்டமும் அதிகம் ஏறி இறங்காமல் கால்வாய்க்குச் சீராக நீர் கிடைக்கிறது.

இதே தண்ணீர்தான் கால்வாயையும் காப்பாற்றியது. சரக்குப் படகுகள் ஓய்ந்து, 1944-இல் படகுப் போக்குவரத்தைச் சட்டப்படி நிறுத்திய பிறகு, மற்றப் பல கால்வாய்களைப் போல இதையும் தூர்த்திருப்பார்கள். ஆனால் இந்த நீர் செஷயரில் உள்ள ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குப் போய்க் குடிநீராகிறது. அப்பாவின் கணக்கில் அதுதான் கடைமடை. அந்தக் கடைமடைக்கு நீர் தேவைப்பட்டதால் கால்வாய் பிழைத்தது.

திரும்புவதற்கு முன் கலிங்குக்கு மேலே உள்ள லன்டசிலியோ தேவாலயத்துக்கு ஏறிப் பாருங்கள். கவிஞர் ராபர்ட் பிரௌனிங் 1886-இல் இங்கே வழிபட வந்ததை உள்ளே ஒரு பித்தளைத் தகடு சொல்கிறது. கல்லறைகளுக்கு நடுவே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்.

இரண்டாம் நடை: இரு தோழிகளின் வீடு

ஊருக்குத் தெற்கே, மேட்டில், பதினைந்து நிமிட நடை. மாலையில் போகலாம்.

1778-இல் அயர்லாந்தின் கில்கென்னியிலிருந்து இரண்டு உயர்குலப் பெண்கள் வீட்டாரின் எதிர்ப்பை மீறி ஒன்றாகக் கிளம்பினார்கள். எலனோர் பட்லர், சாரா பொன்சன்பி. ஒருவருக்குக் கன்னிமாடம், மற்றவருக்கு விருப்பமில்லாத எதிர்காலம் என்றிருந்த நிலையில் இருவரும் சேர்ந்து வாழ்வதென்று முடிவெடுத்தார்கள். 1780-இல் இந்த ஊரில் ஒரு குடிசைவீட்டைப் பிடித்து, ‘புதிய மாளிகை’ என்று பொருள்படும் ப்ளாஸ் நியூவித் என்று பெயரிட்டு, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார்கள். பட்லர் 1829-இலும் பொன்சன்பி 1831-இலும் இறந்தார்கள். வேர்ட்ஸ்வொர்த், வால்டர் ஸ்காட், வெலிங்டன் பிரபு எல்லோரும் அவர்களைத் தேடி வந்திருக்கிறார்கள். செதுக்கிய பழைய ஓக் மரத்துண்டுகள் மீது அவர்களுக்கு ஆசை அதிகம் என்று தெரிந்து, வருகிறவர்கள் அவற்றையே பரிசாகக் கொண்டுவந்தார்கள்.

வாசலில் நின்று அந்த மரவேலையைப் பக்கத்தில் பாருங்கள். சிங்கங்கள், தேவதைகள், கொடிகள், முகங்கள். ஒன்றோடொன்று பொருந்தாத துண்டுகளை ஓர் அங்குலம் விடாமல் சேர்த்திருக்கிறார்கள். கறுப்பும் வெள்ளையுமான வெளிமுகம் அவர்கள் காலத்துக்குப் பிறகு வந்தது. வீட்டுக்குப் பின்னால் தோட்டம் ஒரு சிற்றோடைப் பள்ளத்தில் இறங்கும். தோழிகள் தினமும் உலாவிய பாதை அது.

மூன்றாம் நடை: மடமும் தூணும்

முதல் நடையின் பாதையிலேயே மேற்கே போய், பென்ட்ரவெலின் என்ற இடத்தில் கால்வாயைவிட்டு வடக்கே திரும்ப வேண்டும். ஊரிலிருந்து மடம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். ஏ542 சாலை அங்கேதான் போகிறது, ஆனால் வளைவுகளில் வண்டிகள் வேகமாக வரும். வரைபடத்தைப் பார்த்து வயல்வழியைப் பிடியுங்கள்.

வாலே குரூசிஸ் மடத்தை 1201-இல் நிறுவியவர், வடக்குப் போவிஸை ஆண்ட இளவரசர் மடோக் ஆப் கிரிஃபித். வெள்ளை அங்கி அணிந்த சிஸ்டர்சியத் துறவிகளுக்கு ஆளரவமற்ற இடம் வேண்டும் என்பது விதி. இங்கே ஏற்கெனவே ஒரு சிற்றூர் இருந்தது. துறவிகளின் தனிமைக்காக அந்த மக்களை வேறிடத்துக்குப் பெயர்த்துவிட்டார்கள். மடத்தின் அழகைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். யாருடைய அடுப்புகள் இங்கே எரிந்துகொண்டிருந்தன என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

1537-இல் எட்டாம் ஹென்றியின் ஆணையால் மடம் மூடப்பட்டது. கூரை போனது. மேற்கு முகப்பு இன்னும் உயரமாக நிற்கிறது, அதில் ஒரு வட்டச் சாளரம். சாளரத்துக்கு மேலே ஆதாம் என்ற மடத்தலைவர் இந்த வேலையைச் செய்தார் என்ற கல்வெட்டு. கிழக்குப் பக்கம் சுற்றிவந்தால் ஒரு குளம். துறவிகள் மீன் வளர்த்த குளம், வேல்ஸின் மடங்களில் இப்படி எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். காற்றில்லாத காலையில் மடத்தின் கூர்மையான சாளரங்கள் முழுவதும் அதில் தலைகீழாகத் தெரியும். துறவிகளின் ஆலோசனைக்கூடம் கூரையோடு பிழைத்திருக்கிறது. தூண்களிலிருந்து கல் விலாக்கள் பனையோலை விரிவது போலக் கிளம்பி மேலே பரவுவதை அண்ணாந்து பாருங்கள். 15-ஆம் நூற்றாண்டில் பெருங்கவிஞர் கிட்டோர் கிளின், பார்வை மங்கிய முதுமையில், இந்த மடத்தின் ஆதரவில்தான் தன் கடைசிக் காலத்தைக் கழித்தார்.

மடத்திலிருந்து சாலையோரமாகக் கொஞ்சம் மேலே, ஒரு மண்மேட்டின் மீது முறிந்த தூண் ஒன்று நிற்கும். எலிசெக் தூண். 9-ஆம் நூற்றாண்டில் போவிஸ் மன்னர் கிங்கென், ஆங்கிலேயரிடமிருந்து நாட்டை மீட்ட தன் கொள்ளுத்தாத்தாவின் நினைவாக நிறுத்தினார். மேலே சிலுவை இருந்தது. சிலுவைப் பள்ளத்தாக்கு என்ற பொருளில் மடத்துக்கு வாலே குரூசிஸ் என்று பெயர் வந்ததே இதனால்தான். 17-ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் அதைத் தள்ளி உடைத்தார்கள். 1696-இல் எட்வர்ட் லூயித் என்ற அறிஞர் வந்து, அப்போது படிக்க முடிந்த எழுத்துகளைப் பொறுமையாகப் பார்த்து எழுதி வைத்தார். இன்று தூணில் கையை வைத்துத் தடவினால் சொரசொரப்பு மட்டும்தான். எழுத்து முழுவதும் மழையில் கரைந்துவிட்டது. அவர் எழுதி வைத்திருக்காவிட்டால் அந்த மன்னர் பரம்பரையின் கதையில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் அந்த மனிதர்மீது நன்றி பெருகும்.

நான்காம் நடை: காக்கைக் கோட்டை

எளிய நடை என்ற பட்டியலில் இதைச் சேர்க்கத் தயங்கினேன். தூரம் குறைவு, ஊரிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் குன்றின் உயரம் ஏறக்குறைய 320 மீட்டர், அதில் பெரும்பகுதியை நீங்கள் ஏறித்தான் ஆக வேண்டும். நின்று நின்று ஏறினால் ஒரு மணி நேரம். அப்பாவை நான் இதற்கு அழைத்துப் போகவில்லை. படகுத்துறைக் கடையில் தேநீரோடு உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

படகுத்துறை அருகே கால்வாய்ப் பாலத்தைக் கடந்ததும் டினாஸ் பிரான் கோட்டைக்கு வழிகாட்டிப் பலகை இருக்கும். பள்ளிக்கூடத்தை ஒட்டிய பாதை, வீடுகள், பிறகு மேய்ச்சல் நிலம். குறுக்கே ஒரு சிறு சாலையைத் தாண்டியதும் உண்மையான ஏற்றம் தொடங்கும். பாதை அங்குமிங்கும் வளைந்து ஏறும். நேர்க்குறுக்கில் ஏறப் பார்க்காதீர்கள், மூச்சும் போகும், மண்ணும் அரிக்கும்.

பிரான் என்றால் காக்கை. உச்சியில் முதலில் இருந்தது, கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே மண்கரை எழுப்பிக் காவல்செய்த இரும்புக்காலக் குடியிருப்பு. கல்கோட்டையை 1260-களில் கட்டியவர், மடத்தை நிறுவிய மடோக்கின் மகன் கிரிஃபித் என்று கருதுகிறார்கள். அது இருபது ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1277-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் படை பள்ளத்தாக்கில் ஏறிவந்தபோது, உள்ளே இருந்தவர்களே கோட்டைக்குத் தீ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எதிரியின் கைக்குப் போகக் கூடாது என்று. அதன் பிறகு யாரும் அதைச் சரியாகச் செப்பனிடவில்லை. இப்போது எஞ்சியிருப்பது வாயில்களின் எலும்புக்கூடும் சில சுவர்களும்.

வடக்கே பார்த்தால் எக்லுயிசெக் என்ற சுண்ணாம்புக்கல் மலைச்சுவர், படிப்படியாக அடுக்கிவைத்தது போல நீளும். தெற்கே நீங்கள் நடந்த ஊர். கால்வாய் மரங்களுக்கிடையே ஒரு கோடாகத் தெரியும், ஆறு அதற்குக் கீழே வளைந்து ஓடும். பள்ளத்தாக்கு இப்போது ஒரு வரைபடம் போல விளங்கிவிடும். அதற்காகவே ஏற வேண்டும். பலத்த காற்று வீசும் நாளிலும் மூடுபனி இறங்கிய நாளிலும் போக வேண்டாம். இறங்கும்போது நிதானம், ஏறும்போது விழுந்தவர்களை நான் பார்த்ததில்லை. எங்காவது ஆபத்தென்றால் 999 எண்ணை அழைத்து, காவல்துறையைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஐந்தாம் நடை: ஆகாயக் கால்வாய்

ஒரு வழிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர், முழுவதும் சமதளம். இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். திரும்பப் பஸ்.

இந்த முறை படகுத்துறையிலிருந்து கிழக்கே, தண்ணீர் போகும் திசையில். வலப்பக்கம் பள்ளத்தாக்கு மெல்ல ஆழமாகிக்கொண்டே போகும், கால்வாய் மட்டும் மட்டம் மாறாமல் சரிவைப் பற்றிக்கொண்டு வரும். குதிரைலாடத்தில் தொடங்கி 18 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கால்வாய்ப் பகுதியை 2009-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவ்வளவு தூரத்திலும் படகை ஏற்றி இறக்கும் லாக் ஒன்றுகூட இல்லை. மலைநாட்டில் இது எளிய காரியமில்லை.

பாதி வழியில் சன் பேங்க் என்ற பகுதி. 1945 செப்டம்பர் 7 அதிகாலையில் இங்கே கால்வாயின் கரை உடைந்தது. பாய்ந்த வெள்ளம் கீழே இருந்த ரயில் பாதையின் மண்ணைக் கரைத்துத் தண்டவாளத்தை அந்தரத்தில் தொங்கவிட்டது. அதை அறியாமல் வந்த ரயில் பள்ளத்தில் விழுந்து ஓர் உயிர் போனது. இன்று மரங்கள் மூடி, பறவைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. தெரிந்தவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவார்கள்.

ட்ரெவரில் கால்வாய் ஒரு படகுக்குளத்தில் விரிகிறது. அங்கே பலகையைப் பார்த்துத் தெற்கே திரும்பினால், சட்டென்று இரண்டு பக்கமும் நிலம் காணாமல் போகும். பொன்ட்கசல்ட்டே நீர்ப்பாலம். 307 மீட்டர் நீளம், ஆற்றிலிருந்து 38 மீட்டர் உயரம், 18 கல்தூண்கள். 1795 ஜூலையில் அடிக்கல் நாட்டி 1805 நவம்பர் 26-இல் திறந்தார்கள். டெல்ஃபோர்டும், அவருக்கு மேலிருந்த மூத்த பொறியாளர் வில்லியம் ஜெஸ்ஸப்பும் சேர்ந்து செய்த வேலை.

கல்லால் தொட்டி கட்டிக் களிமண் பூசினால் பாரம் தாங்காது. எனவே வார்ப்பிரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று முடுக்கித் தொட்டியாக்கினார்கள். இணைப்புகளில் நீர் கசியாமலிருக்க ஈயக் கலவையில் தோய்த்த வேல்ஸ் கம்பளித் துணியை வைத்து அடைத்தார்கள். தொட்டியின் அகலம் 3.6 மீட்டர்தான். நடைபாதையும் அதற்குள்ளேயே, நீருக்கு மேல் தூக்கிக் கட்டியிருக்கிறது. படகு வரும்போது விலகும் நீர் உங்கள் காலுக்கு அடியில் புகுந்து பின்னால் போகும். படகு கடக்கும்போது குனிந்து பாருங்கள், நீர்மட்டம் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும்.

நடப்பவர் பக்கம் மட்டும் கம்பித் தடுப்பு உண்டு. எதிர்ப்பக்கம் தொட்டியின் விளிம்பு நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே முடிந்துவிடும். அதற்கப்பால் ஒன்றும் இல்லை. படகில் போகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் நேரே மரங்களின் உச்சி தெரியும். குழந்தைகளைத் தடுப்புப் பக்கமாக நடக்கவிடுங்கள், சைக்கிளை இறங்கித் தள்ளுங்கள். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தங்களை வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். கீழே ஆற்றங்கரைக்கு இறங்கி, பழைய கல்பாலத்திலிருந்து அண்ணாந்து பாருங்கள். மேலே ஒரு படகு மெதுவாக வானத்தைக் கடந்துபோகும். பாலத்தின் மீது நடப்பதைவிட அந்தக் காட்சி எனக்கு ஒரு படி மேல்.

திரும்ப ட்ரெவருக்கு வந்து, கிராமச் சாலைக்கு நடந்தால் ரெக்ஸமுக்கும் லங்கொலெனுக்கும் இடையே ஓடும் பஸ் கிடைக்கும். பசிக்கு முன்னேற்பாடாகக் கையில் ஏதாவது வைத்திருங்கள். ஊர்க்கடைகளில் உலர்பழம் போட்ட பாரா பிரித் என்ற ரொட்டியும் தட்டையான வெல்ஷ் கேக்கும் கிடைக்கும். சைவர்கள் கேக்கை வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய முறையில் செய்பவர்கள் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு.

அப்பா இந்த நடையை முழுவதும் நடந்தார், நான்கு முறை உட்கார்ந்து. நீர்ப்பாலத்தின் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தி, மறுகையைக் கால்வாயில் விட்டு நனைத்தார். “நேற்று அங்கே உள்ளே போனது இப்போது இங்கே வந்திருக்கும்” என்றார். பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. ஒரு படகு கடந்துபோகும்வரை அங்கேயே நின்றோம்.